ஏர்வாடித் தீவிபத்து: சங்கிலிக்கு முன்னும் பின்னும்

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, பொழுது விடிவதற்குள், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திவந்த மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே சுமார் 45 பேர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இரவு நேரத்தில் ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். கட்டு தளர்ந்திருந்த சிலர் எப்படியோ வெளியே வந்தனர். மற்றவர்களால் இருந்த இடத்தைவிட்டு அசைய முடியவில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கை இறுதியில் 28 ஆனது. கருகிய உடல்களை வைத்து இன்னார் என்று சொல்ல இயலாத நிலையில், பல குடும்பங்கள் தாங்கள் விட்டுச்சென்றவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பையும் இழந்தன.

இந்த நிகழ்வு மூடநம்பிக்கையின் விளைவாகவே இன்றுவரை நினைவுகூரப்படுகிறது. பேய் பிடித்தது என்று நம்பிய மக்கள், நோயாளிகளைத் தர்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அறிவியல் எட்டாத ஊரில் அவர்கள் கட்டிவைக்கப்பட்டு மாண்டார்கள் என்பதே பரவலாகச் சொல்லப்படும் கதை. அதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. தீ எப்படிப் பற்றியது என்பதைவிட, பற்றிய தீயிலிருந்து ஓட முடியாத நிலையில் அத்தனை பேர் ஏன் இருந்தார்கள் என்பதே ஆராயப்பட வேண்டிய கேள்வி. அதற்கு விடை தேடிப் போனால், நம்பிக்கையைக் காட்டிலும் ஆள் பற்றாக்குறை, தொலைவு, மருந்துச் செலவு, செயல்படாத சட்டம் ஆகியவையே திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன.

ஏர்வாடிக்கு ஏன் வந்தார்கள்

கீழக்கரைக்கு அருகிலுள்ள ஏர்வாடி, சுல்தான் செய்யது இப்ராஹிம் ஷஹீது பாதுஷாவின் அடக்கத்தலத்தால் பெயர்பெற்றது. முஸ்லிம்கள் மட்டுமின்றி இந்துக்களும் பெருந்திரளாக வரும் தலம் அது. சந்தனக்கூடு விழாவுக்கு அண்டை மாநிலங்களிலிருந்தும் மக்கள் வருவார்கள். மனக்கோளாறு உள்ளவரை அங்கே கொண்டுவந்து தங்கவைத்தால், ஓதிய நீரும் விளக்கில் எரிந்த எண்ணெயும் குணம் தரும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருந்துவந்தது. குணமாகிவிட்டதா என்பதை முடிவுசெய்யவும் ஒரு முறை இருந்தது: நோயாளியின் கனவில் ‘வீட்டுக்குப் போ’ என்று உத்தரவு வர வேண்டும். அது இரண்டு மாதத்திலும் வரலாம், ஆண்டுகள் பல கழித்தும் வரலாம்.

இந்தக் காத்திருப்புதான் காப்பகங்களை உருவாக்கியது. நோயாளியோடு வந்த குடும்பத்தார் எத்தனை மாதம் வேலைவெட்டியை விட்டுவிட்டுத் தர்கா வாசலில் இருக்க முடியும்? தொடக்கத்தில் கூடவே தங்கியவர்கள், பிறகு பொறுப்பை வேறு யாரிடமாவது ஒப்படைக்கத் தேடினார்கள். அந்தப் பொறுப்பை ஏற்றவர்களில் பலர், தங்கள் சொந்த உறவினரின் நோய்க்காக முன்னொரு காலத்தில் ஏர்வாடிக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டவர்கள் என்பது கவனிக்கத் தக்கது. மாதம் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு சோறு போட்டுப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகத் தொடங்கிய இது, கொட்டகைகள் பெருகப் பெருக ஒரு தொழிலானது. தர்கா ஒன்று, அதைச் சுற்றி முளைத்த தனியார் காப்பகங்கள் வேறு. தீப்பிடித்தது இரண்டாவது வகையைச் சேர்ந்த இடம். இந்த வேறுபாடு பேச்சில் அடிக்கடி அழிந்துபோவதால், முழுப் பழியும் வழிபாட்டுத் தலத்தின்மேல் விழுந்து, தொழிலை அனுமதித்த அரசு அமைப்புகள் எளிதில் ஒதுங்கிக்கொள்ள வழி ஏற்பட்டது.

அங்கே வந்தவர்களின் நோய்கள் பெரும்பாலும் மனநல மருத்துவம் நன்கறிந்தவையே. இல்லாத குரல்கள் காதில் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற அசைக்க முடியாத ஐயம், நாட்கணக்கில் தூக்கமின்றி ஓயாமல் பேசுவது, இவை எல்லாம் மனச்சிதைவிலும் இருமுனைய மனநோயிலும் காணப்படும் அறிகுறிகள். வலிப்பு நோயும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ளவர்களைக்கூடக் குடும்பங்கள் இதே வரிசையில் சேர்த்துக்கொண்டு வருவது வழக்கம். பேய் என்று பெயர் சொல்லி வந்தவர்களில் பலர் அதற்குமுன் ஏதோ ஒரு மருத்துவரைப் பார்த்திருப்பார்கள்; மாத்திரை சில மாதம் ஓடியிருக்கும்; நோயாளி தெளிந்ததும் நிறுத்தியிருப்பார்கள், அல்லது வாங்கக் காசில்லாமல் நின்றிருக்கும்; அறிகுறிகள் திரும்பியதும், மருந்து தோற்றுவிட்டது, இனிக் கடவுள்தான் கதி என்று கிளம்பியிருப்பார்கள். இந்த நோய்களுக்கான மருந்துகள் பல சமயம் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியவை என்பதைப் பொறுமையாக உட்கார்ந்து விளக்கிச் சொல்ல அந்த வழியில் ஆள் இருந்ததில்லை.

ஓர் இரவின் ஏற்பாடு

சங்கிலியைக் கொடூரத்தின் சின்னமாகப் பார்ப்பது எளிது. கொடூரம் இருந்ததும் உண்மைதான். பேயை விரட்டுவதாகச் சொல்லிப் பிரம்படி கொடுத்தது, பகலில் மரத்தோடு கயிற்றால் கட்டிவைத்தது எல்லாம் விபத்துக்குப் பின் வெளிவந்தன. எனினும் காப்பகத்தின் நாளாந்த நடைமுறைக்குள் சங்கிலி என்ன வேலை செய்தது என்பதையும் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நோய் முற்றிய நிலையில் உள்ள ஒருவர் இரவில் எழுந்து நடப்பார், கத்துவார், பக்கத்தில் படுத்திருப்பவரைப் பகைவன் என்று எண்ணி அடிக்கவும் செய்யலாம். ஒரு மருத்துவமனையில் இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு: பதற்றத்தைத் தணிக்கும் ஊசி அல்லது மாத்திரை, இரவுப் பணியில் விழித்திருக்கும் செவிலியர், நோயாளி தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ள இயலாத வகையில் கட்டப்பட்ட அறை. கொட்டகையில் இந்த மூன்றும் இல்லை. இருந்தது ஓலைக்கூரை, திறந்த பக்கங்கள், உறங்கப்போகும் ஓரிரு காவலாட்கள். காணாமற்போனால் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் காப்பகக்காரர். ஆகவே இரவில் ஒரு முறை பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொள்வதுடன் அவருடைய பொறுப்பு முடிந்தது. மருந்தும் ஆளும் இல்லாத இடத்தில் அந்த இரண்டின் வேலையையும் மலிவாகச் செய்த கருவி அந்தச் சங்கிலி. குடும்பங்களுக்கு இது தெரியாது என்று சொல்வதற்கில்லை. வந்து பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள், வேறு வழி தெரியாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் வீட்டிலேயே, கொல்லைப்புறத்தில், அதைச் செய்து பார்த்த பிறகு ஏர்வாடிக்கு வந்த குடும்பங்களும் இருந்திருக்கவே செய்யும்.

நம்பிக்கையே சங்கிலிக்குக் காரணம் என்ற வாதம் பலவீனமாவதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் குணம் தேடித் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து, 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அங்கே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்கினார். கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகளில் நோயாளி ஈடுபட்டார். சராசரியாக ஆறு வாரத் தங்கலின் முடிவில் நோய்க்குறிகளின் அளவீடு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்துக் கோயில் மருந்துக்கு மாற்று என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஆனால் நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒரே வகையானது. ஓரிடத்தில் கூடவே ஓர் உறவினர் இருந்தார், இன்னோரிடத்தில் அவர் இருந்த இடத்தில் சங்கிலி இருந்தது.

கட்டுகளின் பழைய கதை

ஏர்வாடியில் நடந்ததைப் பழங்காலத்தின் எச்சம் என்று சொல்லி நகர்ந்துவிடும் போக்குக்கு வரலாறு இடம்தருவதில்லை. சித்த மருத்துவம் மனநோய்களைக் ‘கிரிகை’ எனப் பெயரிட்டு வகைவகையாகப் பிரித்து, உடலின் வாத பித்த கப மாறுபாடுகளோடு தொடர்புபடுத்தி, எண்ணெய், மூக்கில் விடும் மருந்தான நசியம், உள்மருந்து எனச் சிகிச்சை கூறியது. அதாவது மனநோயை உடல்சார்ந்த நோயாகக் காணும் பார்வை இங்கே புதிதன்று. செய்வினை, காற்று, கருப்பு என்ற விளக்கங்களும் அதனோடு பக்கம்பக்கமாக வாழ்ந்தன. மக்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவில்லை. வைத்தியரிடமும் போனார்கள், மந்திரிக்கவும் போனார்கள். இன்றும் அப்படித்தான்.

மனநோயாளிகளுக்கென்று தனிக் கட்டடம் எழுப்பி அடைத்துவைக்கும் முறை கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வந்தது. சென்னையில் அறுவை மருத்துவர் வாலன்டைன் கொனொலி 1794இல் தொடங்கிய காப்பகம் தனியாருடையது; கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது. கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள இடத்துக்கு அரசு மனநலக் காப்பகம் 1871இல் வந்தது. 1912ஆம் ஆண்டின் சட்டப்படி ஒருவரை உள்ளே அனுப்புவது பெரும்பாலும் நீதித்துறை நடுவரின் ஆணையால் நடந்தது. நோயாளி என்பவர் சிகிச்சை பெற வந்தவராக அல்லாமல், சமூகத்துக்கு இடையூறு செய்யாமல் அடைக்கப்பட வேண்டியவராகவே அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தார். 1946இல், நாட்டின் மருத்துவ வசதிகளை ஆராய ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் அமைந்த குழு அறிக்கை அளித்தபோது நாடு முழுவதற்கும் மனநல மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகள் சுமார் 10,000. 40,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கு. ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று ஊர் அஞ்சியது வெறும் அறியாமையால் மட்டும் அன்று. உள்ளே போனவர் திரும்பி வருவது அரிதாக இருந்தது.

மேலைநாடுகளின் கதையும் இதைவிட ஒழுங்கானதில்லை. பாரிசில் நோயாளிகளின் விலங்கை அவிழ்த்த பெருமை மருத்துவர் பினேலுக்கு உரியதாக ஓவியங்கள் காட்டுகின்றன. பிசேத்ர் மருத்துவமனையில் 1797இல் அதைச் செய்தவர் உண்மையில் ழான் பாப்டிஸ்ட் புசென் என்ற மேற்பார்வையாளர். அவரே முன்பு அதே இடத்தில் கழுத்தில் கட்டிகள் தோன்றும் கண்டமாலை நோய்க்காகச் சேர்க்கப்பட்டிருந்தவர். ஏர்வாடிக் காப்பகக்காரர்களைப் போலவே இவரும் நோயின் வழியாக அந்த இடத்துக்கு வந்தவர் என்பதும், அதன்பின் இருவரும் எதிரெதிர்த் திசையில் போனார்கள் என்பதும் என்னை யோசிக்கவைக்கும் செய்தி. விலங்குக்குப் பதில் புசென் பயன்படுத்தியது கைகளைச் சேர்த்துக் கட்டும் அங்கி. அவிழ்த்துவிட்டு வெறுங்கையுடன் நிற்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். இந்த அறிவு பிற்காலத்துக்கு எப்போதும் இருந்ததில்லை. அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் 1955இல் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த மருத்துவமனைகள் வெகுவாகக் காலியாக்கப்பட்டன. ஊர்தோறும் அமைப்பதாகச் சொன்ன மையங்கள் போதிய அளவில் வராததால் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தனர். இத்தாலியில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய மனநல மருத்துவமனைகளுக்குப் புதிதாக நோயாளிகளை அனுப்புவதைத் தடைசெய்தது. மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா பணியாற்றிய திரியெஸ்தே நகரில் மருத்துவமனையை மூடுவதோடு கூடவே இரவும் பகலும் திறந்திருக்கும் வட்டார மனநல மையங்களும் அமைந்ததால் அங்கே அது நிலைத்தது.

இடையில் 1952இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து மனநோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியது. அதுவரை கட்டியோ, குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ, மூளையின் ஒரு பகுதியை அறுத்தோ அடக்கிய பதற்றம் மாத்திரையால் தணிந்தது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நடைமுறைச் சாத்தியமானது அதற்குப் பின்புதான். கைநடுக்கம், உடல் விறைப்பு போன்ற பக்கவிளைவுகள் அந்த மாத்திரையின் மறுபக்கம். மருந்தை இடையில் கைவிடுவதற்கு அவை இன்றளவும் ஒரு முதன்மைக் காரணம்.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறொரு திசையிலிருந்து வந்தது என்று கருதுகிறேன். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், இடநெருக்கடியின் நடுவே வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும், 1957இல் தொடங்கியது முதலே, நோயாளியோடு ஓர் உறவினர் கட்டாயம் தங்கும் முறையைக் கைக்கொண்டது. உறவினர் மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார், நோய் திரும்பும் அறிகுறியைக் கற்றுக்கொண்டார், தன்னைப் போன்ற வேறு குடும்பங்களைச் சந்தித்தார். ஏர்வாடிக்கு நோயாளியை அழைத்துவந்து முதல் சில நாட்கள் தர்கா வாசலில் கூடவே இருந்த உறவினர் செய்ய விரும்பியதும் இதைத்தான். அவருக்குத் தங்க இடமும் கற்றுக்கொடுக்க ஆளும் வேலூரில் கிடைத்தன, ராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை.

சட்டம் இருந்தது

2001இல் இந்த விபத்து நடந்தது சட்டம் இல்லாததால் அன்று. 1912ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக மனநலச் சட்டம் 1987இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருந்தது. தனியார் மனநல இல்லம் நடத்த உரிமம் தேவை என்றும், சிகிச்சையின்போது நோயாளியை உடலாலோ மனத்தாலோ இழிவுபடுத்துவதும் கொடுமைப்படுத்துவதும் கூடாது என்றும் அது தெளிவாகச் சொன்னது. ஏர்வாடிக் காப்பகங்கள் மறைவிடத்தில் இயங்கவில்லை. திருவிழாக் கூட்டம் வந்துபோகும் ஊரில், எல்லார் கண்ணெதிரிலும் இயங்கின. சட்டம் நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகளாக அதை அமல்படுத்த வேண்டியவர்கள் அந்த ஊர் வழியே போய்வந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

திட்டமும் இருந்தது. தேசிய மனநலத் திட்டம் 1982இலேயே வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் பயிற்சி தந்தால் பொதுவான மனநோய்களை அங்கேயே கவனிக்க முடியும் என்று செய்துகாட்டிய அனுபவத்தைக் கொண்டு, மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று திருச்சிராப்பள்ளி. விபத்து நடந்தபோது ராமநாதபுரத்துக்கு அது வந்திருக்கவில்லை. அந்த மாவட்டத்துக் குடும்பம் ஒன்று அரசின் பெரிய மனநல மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால், 500 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்கு, நிலையாக உட்காராத ஒரு நோயாளியைப் பேருந்தில் அல்லது ரயிலில் இரவு முழுதும் பிடித்து உட்காரவைத்துக்கொண்டு பயணம் செய்ய வேண்டும். அடுத்த மாதம் மாத்திரைக்கு மீண்டும் போக வேண்டும். ஏர்வாடி அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

விபத்துக்குப் பின் அரசு வேகமாக இயங்கியது. ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13ஆம் தேதி, இத்தகைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டனர். என். ராமதாஸ் தலைமையிலான விசாரணை ஆணையம், உரிமம் இன்றி எந்தக் காப்பகமும் இயங்கக் கூடாது, சங்கிலிகள் அனைத்தும் அகற்றப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. காப்பகத்தை நடத்தியவருக்கும் அவருடைய உறவினர்களுக்கும் 2007இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கின் தலைப்பில் இன்றைக்கும் ‘சங்கிலியால் பிணைக்கப்பட்ட 25 பேரின் மரணம்’ என்றே இருக்கிறது. பின்னர் இறந்தவர்கள் தலைப்பில் சேரவில்லை. 2002 பிப்ரவரி 5இல் அந்த வழக்கில் வந்த ஆணை, மனநலக் காப்பகங்களை மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கவும், மாநிலங்கள் தங்கள் மனநல வசதிகளையும் தேவையையும் மதிப்பிடவும் சொன்னது. நோயாளியைச் சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்பதையும், மனநோயாளிகளை மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமேயன்றிக் கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் கிராமங்களில் பரப்புமாறு பணித்தது.

ஆணையின் இந்தக் கடைசிப் பகுதியில்தான் எனக்கு உடன்பாடு குறைவு. மருத்துவரிடம் அனுப்புங்கள் என்று சொல்லப்பட்ட ஊர்களில் மருத்துவர் இல்லை. நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் இருப்பது தெரிந்தது; கடும் மனநோய் உள்ளவர்களிலேயே ஏறத்தாழ நான்கில் மூவருக்குச் சிகிச்சை கிட்டவில்லை. நீதிமன்ற ஆணை வந்து 13 ஆண்டுகளுக்குப் பிந்தைய நிலை இது. கோயிலுக்குப் போகாதே என்று தடுப்பதைவிடக் கோயிலுக்கே மருத்துவரை அனுப்புவது பயன்தரும் என்பதைக் குஜராத்தின் உனாவா தர்கா காட்டியது. அங்கே ‘தவா-துவா’, அதாவது மருந்தும் வேண்டுதலும், என்ற பெயரில் தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களே மந்திரித்த பின் நோயாளியை வளாகத்திலுள்ள மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அதே முறை பின்னர் ஏர்வாடியிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே வந்தது. ஓதிய தண்ணீரைக் குடித்துவிட்டு அதே தண்ணீரில் மாத்திரையையும் விழுங்கும் நோயாளிக்கு இதில் எந்த முரண்பாடும் தெரிவதில்லை. முரண்பாடு தெரிவது நமக்குத்தான்.

உரிமை என்ற சொல் வந்தபின்

2001க்குப் பிந்தைய மாற்றங்களில் முதன்மையானது, மனநோயாளியைப் பற்றிய சட்டத்தின் பார்வை மாறியதே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதற்கேற்ப எழுதப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018இல் நடைமுறைக்கு வந்தது. அரசு செலவில் சிகிச்சை பெறுவது உரிமை என்றது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே ஒருவர் எழுதிவைக்கலாம் என்றது. தனக்காகப் பேச ஒருவரை அவரே நியமிக்கலாம் என்றது. மயக்க மருந்தும் தசைத்தளர்ச்சி மருந்தும் இன்றி மின்னதிர்ச்சி சிகிச்சை தருவதைத் தடுத்தது. ‘எந்த வகையிலும், எந்த வடிவிலும்’ சங்கிலியிடக் கூடாது என்று அதன் 95ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சொற்களில் ஏர்வாடியின் நிழல் இருப்பதாகவே நான் படிக்கிறேன். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்பட வேண்டும் என்ற 115ஆம் பிரிவால், பிழைத்தவரைத் தண்டிக்கும் பழைய வழக்கம் பெருமளவு செயலிழந்தது.

சட்டம் வந்த பின்னும் சங்கிலி ஒழியவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் ஒரு வழிபாட்டுத் தலத்தையொட்டிய காப்பகத்தில் நோயாளிகள் கட்டிவைக்கப்பட்டிருந்தது 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. நீதிமன்றம் கண்டித்தது. ஏர்வாடிக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 17 ஆண்டுகள்.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் நிலைமை ஓரளவு முன்னேறியிருப்பதை மறுக்க முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இயங்குகிறது. சாலையில் திரியும் மனநோயாளிகளுக்காக அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களை நடத்துகின்றன. 14416 என்ற எண்ணை அழைத்தால் தொலைபேசி ஆலோசனை 2022 முதல் கிடைக்கிறது. சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப், 1993இல் தொடங்கிய பேனியன் போன்ற அமைப்புகள் அரசுக்கு முன்பே இந்த வேலையைச் செய்துகாட்டின. பல ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தவர்கள் சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்து, சிறு குழுவாக, ஒரு பராமரிப்பாளரின் துணையோடு வாழும் பேனியனின் ஏற்பாடு, குணமானவரைக் குடும்பம் ஏற்க மறுத்தால் என்ன செய்வது என்ற பழைய கேள்விக்குக் கிடைத்த நடைமுறை விடைகளில் சிறந்தது.

சட்டத்தின் எல்லைக்கு வெளியே

2017ஆம் ஆண்டுச் சட்டம் ‘மனநல நிறுவனம்’ என்பதற்குத் தரும் வரையறை விரிவானது. நோயாளிகளைத் தங்கவைத்துக் கவனிக்கும் இடம் எதுவாயினும், ஆயுர்வேதம், சித்தம், யுனானி என எந்த முறையானாலும், அரசோ தனியாரோ அறக்கட்டளையோ நடத்தினாலும், பதிவு செய்தாக வேண்டும். தவறினால் முதல் முறையே 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். அந்தக் கொட்டகை இன்று இருந்திருந்தால் சந்தேகமின்றி இந்த வரையறைக்குள் வந்திருக்கும். ஆனால் நோயாளி தன் உறவினருடனோ நண்பருடனோ வாழும் வீட்டை வரையறை விலக்கிவைக்கிறது. விலக்கியது சரியே; ஒவ்வொரு வீட்டையும் மருத்துவ நிறுவனமாகக் கருதி ஆய்வாளரை அனுப்புவது வேறொரு கொடுமையாகிவிடும்.

ஆயினும் ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டபோது குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்ட பலர் போய்ச் சேர்ந்தது அந்த விலக்கப்பட்ட இடத்துக்குத்தான். மகனைத் திண்ணைத் தூணோடு கட்டிவிட்டுக் கூலிவேலைக்குப் போகும் தாயைப் பற்றிய செய்தி ஆண்டுக்கொரு முறையாவது நாளிதழின் உட்பக்கத்தில் வருகிறது. படத்தைப் பார்த்ததும் நமக்கு வருவது கோபம். கட்டாமல் விட்டுப்போன நாளில் அவன் ரயில் ஏறிக் காணாமற்போயிருப்பான் என்பதும், மீண்டும் கண்டுபிடிக்க மாதங்கள் ஆகியிருக்கும் என்பதும் அந்தச் செய்தியின் நாலாவது பத்தியில் இருக்கும். வீட்டில் மனநோயாளி கொடுமைப்படுத்தப்படுவதாகவோ கவனிப்பின்றி விடப்பட்டதாகவோ தெரிந்தால் காவல் நிலையப் பொறுப்பாளர் நீதித்துறை நடுவருக்கு அறிக்கை தர வேண்டும் என்று சட்டத்தின் 101ஆம் பிரிவு கூறுகிறது. அதன்படி அறிக்கை போனால், நடுவர் நோயாளியை வரவழைத்துப் பார்த்து, மருத்துவமனைக்கு அனுப்பலாம். சில வாரங்களில் அவர் தெளிந்து, மாத்திரைப் பொட்டலத்துடன் அதே வீட்டுக்குத் திரும்புவார். பொட்டலம் தீரும் நாளன்று தாய்க்குக் கூலி போகாத தொலைவில் மனநலப் பிரிவு இயங்குகிறதா, அன்று அங்கே மருத்துவர் இருக்கிறாரா, மருந்து கையிருப்பில் இருக்கிறதா, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாராவது வீடு தேடிப் போய்க் கேட்கிறார்களா என்பவற்றைப் பொறுத்தே அந்தக் கயிறு திண்ணையில் கிடப்பதும் திரும்ப அவன் காலுக்கு வருவதும் இருக்கிறது.